பிள்ளைகள் ஆடிக் காட்டியது

(கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பேச்சாளர் இல்லை. பத்தாவது வரை படித்தவள். தீர்மான நோட்டு எழுதிப் பழக்கம் உண்டு, மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. "கஷ்ட காலமும் இளைய தலைமுறையின் கலையும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்தார்கள். கலை என்றதும் பெரிய பெரிய ஆட்களைப் பற்றிப் பேசணுமோ என்று முதலில் பயமாக இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நம்ம தெருப் பிள்ளைகள் செய்ததைச் சொன்னாலே போதும் என்று தோணிச்சு. அதைத்தான் சொல்லப் போறேன்.

சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். கஷ்டம் வந்தால் நாம பெரியவங்க வாயை மூடிக்கிறோம். பிள்ளைகளால அப்படி மூடிக்கிட்டு இருக்க முடியாது. வாயால சொல்ல முடியாததை அதுங்க வரையும், பாடும், விளையாடும். அதை நாம நின்னு பார்த்தால் பிள்ளைக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது, நம்ம குழுவுக்கும் நல்லது.

இது நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதுசு கிடையாது. 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு 5 வயசு. இங்கே இருக்கும் மூத்த அக்காமார்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மா அவர்கள். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத இளவட்டங்கள். கல்லூரி படித்தவர்கள், பத்தாவது முடித்தவர்கள், ஆணும் பெண்ணும். கலைக்குழு என்று ஒன்று ஊர் ஊராக வந்து பறை அடித்து, பாட்டுப் பாடி, நாடகம் போட்டது.

எங்க அம்மா இப்பவும் சொல்லும்: "படிக்க வாங்கன்னு கூப்பிட்டிருந்தா ஒருத்தியும் போயிருக்க மாட்டோம். நாடகம் பார்க்கத்தான் போனோம். கைநாட்டு வச்சு ஏமாந்தவ கதையைப் போட்டாங்க. அது நம்ம கதைன்னு தெரிஞ்சப்புறம் வீட்டுல இருக்க முடியலை."

அந்த நாடகத்துக்குப் பிறகுதான் எங்க அம்மா பேர் எழுதக் கற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். கல் உடைக்கப் போன பெண்களும் வயல் வேலைக்குப் போன பெண்களும் சைக்கிளில் போனார்கள். இன்றைக்கு நம்ம குழுவில் 60 வயசு அத்தை ஒருத்தங்க நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னாடி யாரோ ஒரு இருபது வயசுப் பையனோ பொண்ணோ தெருவில் ஆடின ஆட்டம் இருக்கு. ஆகவே, "ஆட்டமும் பாட்டமும் என்ன சோறா போடும்?" என்று யாராவது கேட்டால், நம்ம மாவட்டத்துக்காரங்க பதில் சொல்லத் தயங்க வேண்டாம்.

அடுத்தது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறி நம்ம பக்கமாக வந்தது. எங்க தோப்பில் 40 தென்னை. விடிந்து பார்த்தால் நின்னது 9 மரம். பலா மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. உங்களில் பாதிப்பேர் வீட்டில் இதே கணக்குத்தான். தென்னை வைத்துக் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருசம் ஆகும். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மரம். ஆம்பளைகள் மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரிடமும் பேசவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு எங்க ஊர் ஆசிரியை பிள்ளைகளிடம் பாடத்தை எடுக்காமல் தாளையும் கலர் பென்சிலையும் கொடுத்து, "என்ன வேணுமோ வரைங்க" என்று சொன்னார்கள். சாயங்காலம் அந்தப் படங்களை வராண்டாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நம்ம பக்கத்துப் பிள்ளைக்குப் படம் வரையத் தெரியும் என்றால் முதலில் வரைவது தென்னை மரம்தான். ஒரு கோடு, மேலே நாலு ஓலை. அன்றைக்குத் தொங்கிய படங்களில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. எல்லாம் படுத்துக் கிடந்தது.

ஒரு பையன், நாலாவது படிக்கிறவன், விழுந்த மரத்தின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போல வரைந்திருந்தான். சட்டை, வேட்டி எல்லாம் சரியாக இருந்தது. முகம் மட்டும் இல்லை. வெறும் வட்டம். "முகம் எங்கடா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "அப்பா முகத்தைக் காட்ட மாட்டேங்குறாரு டீச்சர்" என்று சொல்லியிருக்கிறான்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் அன்று ராத்திரியே அந்த வீட்டுக்கு நாங்கள் நாலு பேர் போனோம். எங்க வீட்டுக்காரரும் வந்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கஞ்சி கொண்டு போனோம், கூட உட்கார்ந்தோம். மறுநாள் எங்க வீட்டுக்காரரும் இன்னும் ரெண்டு பேரும் போய் அந்தத் தோப்பில் மரம் அறுக்க உதவினார்கள். அந்த அண்ணன் மெல்ல மெல்லத்தான் பேச ஆரம்பித்தார். அந்தப் பையன் வாயால "எங்க அப்பாவைப் பார்த்தா பயமா இருக்கு" என்று நம்மிடம் வந்து சொல்லியிருப்பானா? சொல்லியிருக்க மாட்டான். தாள் கொடுத்ததால் சொன்னான்.

பட்ட காலிலே படும் என்று சொல்வார்களே, புயலில் இருந்து எழுந்திருக்கிறதுக்குள் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் எல்லாம் மூடினார்கள். கீரமங்கலம் பூச்சந்தை நின்றது. பறித்த பூவை விற்க ஆள் இல்லாமல் குப்பையில் கொட்டினோம். திருப்பூர், சென்னை என்று வேலைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. 9 முதல் 12 வரைக்கும் இடையில் கொஞ்ச காலம் திறந்து மூடினார்கள். ஆனால் 1 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் பள்ளிக்கூடமே இல்லை. கல்வித் தொலைக்காட்சி வந்தது, சரி. செல்போனில் பாடம் என்றார்கள். ஒரு போன் இருக்கிற வீட்டில் மூணு பிள்ளைகள் இருந்தால் யார் படிப்பது? அதுவும் அந்த ஒரு போனை அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

இப்போது கடன் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பேசாமல் என் பேச்சு முடியாது. புயலுக்குப் பிறகு நம்மில் நிறையப் பேர் வெளியில் வாரக் கடன் வாங்கினோம். நம்ம கூட்டமைப்புக் கடனைச் சொல்லவில்லை. வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கிறார்களே, பத்துப் பெண்களைச் சேர்த்து ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் போட வைத்து, அந்தக் கடன். கொரோனா நேரத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. தள்ளி வைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்க தெருவில் ஜூன் மாதமே பைக் வர ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சமயத்தில் பிள்ளைகள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தன. எங்க குழுக் கட்டிடத்துத் திண்ணையில் விளையாடுவார்கள். ஒரு பையன் புத்தகப் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, கையில் பழைய காலண்டர் அட்டையை வைத்துக்கொண்டு, வாயாலேயே பைக் ஓட்டிக்கொண்டு வருவான். வந்து, "சென்டர் லீடர் எங்க? இந்த வாரம் ஏன் கட்டலை?" என்று அதட்டுவான். எங்க சின்ன மகள், அப்போது 8 வயசு, வாசலில் நிற்பாள். "அம்மா கொல்லைக்குப் போயிருக்கு." "எப்ப வரும்?" "நீங்க போனப்புறம் வரும்."

அதைக் கேட்டுத் தண்ணீர்க் குழாயடியில் நின்ற நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். ஒவ்வொருத்திக்கும் அது தன் வீடுதான் என்று தெரியும். எங்க பெரிய மகள் அந்த நாட்களில் ராத்திரி பைக் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். என்னவென்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பாள்.

எங்க குழுக் கணக்காளரின் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருசம். கல்லூரி மூடியதால் ஊரில் இருந்தாள். அந்தப் பொண்ணுதான் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, "இதையே நாடகமாப் போடலாமா?" என்று கேட்டது. பிள்ளைகள் தயாராகிவிட்டன. மொத்தம் 14 பேர். சின்னது 8 வயசு, பெருசு 17 வயசு. சாயங்காலம் சாயங்காலம் ஒத்திகை.

விஷயம் தெரிந்ததும் எங்க குழுக் கூட்டத்தில் பெரிய சண்டை. வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வரலாமா என்று சிலர் கேட்டார்கள். ஒரு அத்தை அழுதே விட்டார்கள். "கடன்காரின்னு பேர் வாங்கினது பத்தாதா, அதைப் பிள்ளைங்க வேற ஆடிக் காட்டணுமா?" என்றார்கள். அந்த அத்தை சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம்ம ஊரில் மானம் போனால் திரும்பி வராது. பொண்ணு கேட்டு வருகிறவன் வரைக்கும் அந்தப் பேச்சுப் போகும்.

அந்தக் கல்லூரிப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டோம். அது மரியாதையாகத்தான் பேசியது. "அத்தை, ஊருக்குத் தெரியாத எதையும் நாங்க சொல்லலை. உங்களுக்குள்ள நீங்க பேசிக்காததைத்தான் சொல்றோம். வேண்டாம்னா நிறுத்திடுறோம். ஆனா பிள்ளைங்க அந்த விளையாட்டை நிறுத்தாது" என்றது.

ரெண்டு கூட்டம் பேசினோம். கடைசியில் சில நிபந்தனையோடு சம்மதித்தோம். யார் பேரும் வரக்கூடாது. எந்தக் கம்பெனி பேரும் வரக்கூடாது. ஊரில் இருக்கிற யாருடைய நடையையும் பேச்சையும் கேலி செய்கிற மாதிரி நடிக்கக்கூடாது. போனில் படம் பிடிக்கக்கூடாது. பிள்ளைகள் அத்தனைக்கும் சரி என்று சொல்லி, இன்னொன்றையும் தாங்களே சேர்த்துக்கொண்டன. கடன் வசூலிக்க வருகிறவரை ராட்சசன் மாதிரி காட்டக்கூடாது. ஏனென்றால் அந்த வேடம் போட்ட பையனின் அண்ணன் வேறு ஊரில் அதே வேலை பார்க்கிறான். "எங்க அண்ணனுக்கும் மேலே ஒருத்தர் போன் பண்ணித் திட்டுவாரு, அதையும் போடணும்" என்று அந்தப் பையன் கேட்டுக்கொண்டான். போட்டார்கள்.

2021 பொங்கல் முடிந்த மறுநாள் சாயங்காலம் மாரியம்மன் கோயில் திடலில் நாடகம். தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம், எல்லாரும் துண்டோ மாஸ்க்கோ கட்டியிருந்தோம். மேடை இல்லை, திரை இல்லை. ரெண்டு டியூப் லைட், ஒரு பறை. முதலில் பிள்ளைகள் வரிசையாகத் தென்னை மரமாக நின்றார்கள். பறை அடிக்க அடிக்க ஒவ்வொருத்தராக விழுந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் முதல் கடன். அதைக் கட்ட இரண்டாவது கடன். அப்புறம் கொரோனா. அப்புறம் வாசலில் பைக்.

ரொம்ப வலித்தது ஒரு காட்சி. ஒருத்தி தவணை கட்டவில்லை என்பதால் அவளோடு சேர்ந்து கடன் வாங்கிய மற்ற பெண்கள் அவள் வாசலில் வந்து உட்காருவார்கள். ஒன்றாகக் களை எடுத்தவர்கள், ஒன்றாகப் பூப் பறித்தவர்கள், அவளைத் திட்டுவார்கள். அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாள். அந்தக் கதவுக்கு ரெண்டு பிள்ளைகள் ஒரு பழைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் எங்க மகள். எல்லாருக்கும் தெரிந்த காட்சி. ஆனால் பிள்ளைகள் கண்ணால் எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தோம்.

நாடகத்துக்கு முடிவு கிடையாது. எப்படி முடிப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லையாம். அதனால் பாதியில் நிறுத்தி, எங்களைப் பார்த்து, "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் கூட்டத்தில் அழுதார்களே, அதே அத்தை எழுந்து, "எனக்கு மூணு இடத்துல கடன் இருக்கு" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தோம். நானும் சொன்னேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் முதல் தடவையாக வெளிக்கடன் கணக்கை எழுதினோம். எங்க குழுவில் 12 பேர். 8 பேருக்கு வெளிக்கடன் இருந்தது. நாடகத்துக்கு முன்னால் யாரைக் கேட்டிருந்தாலும், எனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று சொல்லியிருப்போம். மூன்று தீர்மானம் போட்டோம். ஒன்று, யாரும் யார் வாசலிலும் போய் உட்காருவதில்லை. இரண்டு, சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்து, அதிக நெருக்கடியான சின்னக் கடன்களை முதலில் அடைப்பது. மூன்று, வெளியில் புதுசாகக் கடன் வாங்குகிறவர்கள் முதலில் குழுவில் சொல்வது. வேண்டாம் என்று தடுக்க அல்ல, கணக்குப் போட்டுப் பார்க்க. அப்புறம் வங்கிக் கடன் இணைப்புக்கு மனுக் கொடுத்தோம்.

எல்லாக் கடனும் தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 8 பேரில் 4 பேர் முழுசாக அடைத்துவிட்டார்கள். மற்ற 4 பேர் இன்னும் கட்டுகிறோம். அதில் நானும் ஒருத்தி. ஆனால் கொல்லைக்குப் போய் நிற்பதில்லை. பைக் வந்தால் கூட ரெண்டு பேர் வந்து நிற்கிறார்கள், உட்கார வைத்துப் பேசி அனுப்புகிறோம். எங்க பெரிய மகள் இன்னமும் பைக் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள். ஆனால் இப்போது, "அம்மா, யாரு வந்திருக்காங்க தெரியுமா?" என்று என்னிடம் வந்து சொல்கிறாள். முன்பு சொல்ல மாட்டாள்.

நாடகம் பார்க்க வந்திருந்த அந்த ஆசிரியை, பிறகு ஒருநாள் எனக்கு ஒரு விஷயம் சொன்னார்கள். போனில் படங்களும் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது இப்போதைய செக் நாட்டில் தெரெசின் என்ற ஊரை நாஜிகள் முகாமாக மாற்றி, யூதக் குடும்பங்களைக் கொண்டு வந்து அடைத்து வைத்தார்கள். பிள்ளைகளும் அதில் உண்டு. 1942 டிசம்பரில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அம்மாவையும் கணவரோடு அங்கே அனுப்பினார்கள். அவர் தன் பெட்டியில் வரைகிற சாமான்களை எடுத்துக்கொண்டு போனார். கிடைத்த தாளில், எழுதிப் போட்ட தாளின் பின்பக்கத்தில், பிள்ளைகளை வரைய வைத்தார். பசியோடும் பயத்தோடும் இருந்த பிள்ளைகள் வீடு வரைந்தார்கள், பூ வரைந்தார்கள், வரிசையில் நின்று சோறு வாங்குவதையும் வரைந்தார்கள்.

அந்த அம்மா ஒவ்வொரு பிள்ளையையும் படத்தில் தன் பேரை எழுதச் சொன்னாராம். முகாமில் ஆட்களை எண்களாகத்தான் எண்ணினார்கள். இந்த அம்மா பேரைக் கேட்டார். 1944-இல் அவரையும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. ஆனால் ரெண்டு பெட்டியில் மறைத்து வைத்திருந்த ஏறக்குறைய 4,500 படங்கள் தப்பித்தன. இன்றைக்கும் பிராக் நகர அருங்காட்சியகத்தில் பேரோடு இருக்கின்றன.

நம்ம கஷ்டத்தை அதோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது எங்கே, நாம எங்கே. ஆனால் ஒரு பெரிய மனுஷி செய்ய வேண்டியது என்ன என்பதை அந்த அம்மாவிடம் பார்க்கலாம். தாள் கொடுத்தார், இடம் கொடுத்தார், வரைந்ததைப் பத்திரமாக வைத்தார். படம் வரைந்ததால் போர் நிற்காது, புயல் நிற்காது, வட்டியும் குறையாது. ஆனால் பயந்து கிடக்கிற பிள்ளைக்கு, நான் சொல்வதைக் கேட்க ஒருத்தர் இருக்கிறார் என்று தெரிகிறது. அது சின்ன விஷயம் இல்லை.

2021 அக்டோபரில் அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, கலைக்குழு மறுபடியும் பறையோடு நம்ம ஊருக்கு வந்தது. எங்க அம்மா பார்த்துவிட்டு, "எங்க அறிவொளி மாதிரியே இருக்கே" என்றது. எங்க கணக்காளர் மகளே அதில் தன்னார்வலராகச் சேர்ந்து சாயங்கால வகுப்பு எடுத்தது. பாடத்தோடு கதை, பாட்டு, படம் எல்லாம் இருந்தது. மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் பிள்ளைகள் போடுகிறார்கள். போன மாதம் வந்ததில் ரேஷன் கடை வரிசையைப் பற்றி ஒரு கதை, குடிக்கிற அப்பாவுக்கு ஒரு கடிதம், ஆட்டுக்குட்டி படம் ரெண்டு. ஆட்டுக்குட்டியும் வரட்டும். எப்போதும் கஷ்டத்தையே வரைய வேண்டும் என்று நாம கேட்கக்கூடாது.

இதற்கு நம்ம கூட்டமைப்பு என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

நம்ம குழுக் கட்டிடங்கள் கூட்டம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் திறந்து விடலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு குழு பொறுப்பு. தாளுக்குப் பெரிய செலவு இல்லை. பழைய நோட்டீஸ், ஜெராக்ஸ் கடையில் கழித்துப் போட்ட தாள், எல்லாவற்றுக்கும் பின்பக்கம் உண்டு. கலர் பென்சிலும் சார்ட்டும் கூட்டமைப்பின் இதரச் செலவில் வாங்கலாம்.

பொறுப்பாக உட்காருகிறவர்கள் மார்க் போட வேண்டாம், முதல் பரிசு இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு என்றால் பிள்ளை நமக்குப் பிடித்ததைத்தான் வரையும். "ஏன் இப்படி வரைஞ்சே?" என்று கேட்காதீர்கள், அது குற்றம் கேட்கிற மாதிரி இருக்கும். "இது யாரு? இங்க என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பிள்ளை சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். படத்தில் பேரை எழுதச் சொல்லுங்கள். வயசுக்கு வந்த பொண்ணு எழுதுகிற கவிதையைப் பிடுங்கிப் படித்து, யாருக்காக எழுதினே என்று விசாரணை வைக்காதீர்கள். அப்புறம் அது எழுதவே எழுதாது.

படத்தையும் நாடகத்தையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். பிள்ளை நம்மை நம்பிச் சொன்னது ஊருக்கெல்லாம் போகக்கூடாது. படத்திலோ கதையிலோ அடி, தப்பான தொடுதல், 18 வயசுக்கு முன் கல்யாணம் என்று ஏதாவது தெரிந்தால், குழாயடியில் பேசாமல், நம்பிக்கையான ஒருத்தரிடம் சொல்லி 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள்.

பையன்களையும் கூப்பிடுங்கள். பத்தாவது தாண்டிய பையன்கள் டாஸ்மாக் பக்கமும் செல்போன் பக்கமும் போகிறார்கள் என்று கவலைப்படுகிறோமே, அவர்களுக்குப் பறை அடிக்க, மேடை கட்ட, நடிக்க ஒரு இடம் வேணும். எங்க நாடகத்தில் மழைச் சத்தத்துக்குத் தகரத்தைத் தட்டினவன், ஊரே "உருப்படாதவன்" என்று சொன்ன பையன். ஒத்திகைக்கு ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

தலைவி அக்காவிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மாதம் நடக்கும் கூட்டமைப்புக் கூட்டத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கட்டிடம் திறப்பதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். முன்மொழிய நான் தயார். வழிமொழிய உங்களில் ஒருத்தர் வந்தால் போதும். சாவியை எங்க குழுவே முதல் மாதம் வைத்துக்கொள்ளும்.